காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு

என் மகனுக்கு வெட்கம் என்பதே கிடையாது என்று சொந்தக்காரர்கள் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். கடைசியில் என் வெட்கத்திலிருந்து கொஞ்சம் எடுத்து அவன் காதுக்குப் பின்னால் ஒட்டிவிட்டேன். இப்படிச் சுருக்கமாகச் சொன்னால் வேடிக்கையாகத்தான் இருக்கும். எனக்கு இன்றுவரை சிரிப்பு வரவில்லை.

யுகனுக்குப் பதினாறு வயது. அவன் அப்பாவுக்கு ஓசூரில் வேலை. மாதத்தில் இரண்டு ஞாயிறு மட்டும் வருவார். மற்ற நாட்களில் திருவெறும்பூர் வீட்டில் நானும் யுகனும் அவனுடைய போனும்தான். பள்ளிக்கூடமும் தூக்கமும் போக மிச்சமிருந்த ஒன்பது மணி நேரமும் அதற்கே போனது. தட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே சாப்பிடுவான். ஒருநாள் வேண்டுமென்றே உப்பில்லாமல் உப்புமா கிண்டி வைத்தேன். காலி செய்துவிட்டு, நல்லா இருந்துச்சு என்றான்.

நான் விடுகிற ஆள் இல்லை. கொதிகலன் குழாய் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வெல்டிங்கை எக்ஸ்-ரே எடுத்துப் பார்ப்பது என் வேலை. படத்தை விளக்குப் பலகையில் வைத்துப் பத்து விநாடி பார்ப்பேன். முடி அளவு விரிசல் இருந்தாலும் ரிஜெக்ட். அதற்கு மேல் பேச்சு கிடையாது. இருபது வருட அனுபவமுள்ள வெல்டர்கள்கூட என் அறை வாசலில் வந்து கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள். அப்படிப்பட்டவள் சொந்த வீட்டில் ஒரு பொடியனிடம் தோற்பதா? வைஃபையை நிறுத்தினேன். போனை அரிசி டிரம்மில் புதைத்து வைத்தேன். எதுவும் பலிக்காதபோது, நம் வீடுகளில் எல்லோரும் செய்வதைச் செய்தேன். நாலு பேர் முன்னால் அவன் மானத்தை வாங்கினேன். யார் வீட்டு வளைகாப்புக்குப் போனாலும், இவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே இவன் பெருமையைப் பாடினேன். அவன் தலை நிமிராமல் திரையைத் தள்ளிக்கொண்டிருப்பான்.

போன ஆவணியில் என் மாமனார் காலமானார். பேரன் என்ற முறையில் யுகன் நெய்ப்பந்தம் பிடிக்க வேண்டும். பிடித்தான். ஒரு கையில் பந்தம், இன்னொரு கையில் போன். நெய் சொட்டி அவன் சட்டை பொசுங்கியபோதுதான் எல்லோரும் பார்த்தார்கள். அதை யாரோ தன் போனில் படமெடுத்துச் சொந்தக்காரர்கள் குழுவில் போட்டார்கள். அன்று எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அடுத்த வாரமே தில்லைநகரில் டாக்டர் பெனிட்டாவின் கிளினிக்குக்கு அவனை அழைத்துக்கொண்டு போனேன்.

டாக்டர் பெனிட்டாவுக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. மிளகு அளவில் ஒரு கறுப்பு வில்லையை எடுத்து மேசைமேல் வைத்தார். அதற்குக் கம்பெனிக்காரன் வைத்த பெயர் என்னவோ, ஊரில் அதைப் பொட்டு என்றுதான் சொல்கிறார்கள். குழந்தைக்குக் காதுக்குப் பின்னால் வைக்கிற திருஷ்டிப் பொட்டு போலவே இருக்கும். அது போனுடன் சேர்ந்து வேலை செய்யும். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் வரை சும்மா இருக்கும். அதைத் தாண்டினால் மூளைக்குள் வெட்கத்தை அனுப்பும். நிமிடத்துக்கு நிமிடம் ஏறும். போனைக் கீழே வைத்த கணமே நின்றுவிடும்.

ஏன் வெட்கம், ஒரு சின்ன ஷாக் போதாதா என்று கேட்டேன்.

"ஷாக் மூணு வாரத்துல பழகிடும் மேடம். வெட்கம் மட்டும் பழகறதே இல்ல. நாப்பது வருஷம் கழிச்சு நெனச்சாலும் அதே அளவு சுடும். ஆனா நாங்களா லேப்ல செஞ்சு குடுத்தா, அது தன்னோடது இல்லன்னு உடம்பு கண்டுபிடிச்சுத் தள்ளிடுது. நிஜமாப் பட்ட ஒருத்தர்கிட்டேருந்து எடுக்கணும். ரத்த சொந்தமா இருந்தா நல்லா ஒட்டும். அம்மான்னா இன்னும் நல்லது."

அதுவரை போனில் இருந்த யுகன் முதல் தடவையாக நிமிர்ந்தான். "அம்மாகிட்ட அப்படி என்ன இருக்கு?"

பட்டமளிப்பு விழா மேடையில் புடவைக் கொசுவம் அவிழ்ந்து, அதைக் கையில் பிடித்துக்கொண்டே சான்றிதழ் வாங்கிய கதையைச் சொன்னேன். அவன் லேசாகச் சிரித்துவிட்டு, சரி என்று மறுபடி குனிந்துகொண்டான். சம்பவம் அவனுக்குத் தெரியாது, உணர்ச்சி மட்டும்தான் போகும் என்றார் டாக்டர். எனக்கு அது போதும்.

உள்ளே ஒரு சாய்வு நாற்காலி. தலையில் வலை போன்ற ஒன்றை மாட்டினார்கள். எதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டாம், நினைத்தால் போதும். நான் புடவையை நினைத்தேன். டாக்டர் திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். இது பத்தாது மேடம், இன்னும் கொஞ்சம் உள்ளே போங்க என்றார். நான் பிடிவாதமாகப் புடவையையே நினைத்துக்கொண்டிருந்தேன். கொசுவத்தைப் பிடித்திருந்த கையை நினைத்தேன். அந்தக் கையிலிருந்து நழுவி வேறோர் இடத்துக்குப் போய்விட்டேன்.

முசிறிப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளி. பிளஸ் டூ வேதியியல் தேர்வு. வினாத்தாளைக் கொடுத்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, வராந்தாவில் பறக்கும் படையின் செருப்புச் சத்தம். என் இடது கைக்குள் மடித்த பிட்டு, வியர்வையில் நனைந்துகொண்டிருந்தது. என் இடது பக்கத்து பெஞ்சில் ரெங்கநாயகி. ஆறாம் வகுப்பிலிருந்து என் டிபன் பாக்ஸில் பாதி தின்றவள். அவள் டிபன் பாக்ஸில் பாதியை நான் தின்றிருக்கிறேன். அவர்கள் வாசலுக்கு வந்த நேரம் நான் இடது கையை விரித்தேன். அவ்வளவுதான் செய்தேன். காகிதம் சறுக்கிக்கொண்டு போய் அவள் காலடியில் நின்றது. உள்ளங்கையைத் தாவணியில் துடைத்துக்கொண்டேன். அவளை எழுப்பி நிறுத்தினார்கள். அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. என்னைப் பார்த்தாள். நான் வினாத்தாளைப் பார்த்தேன்.

"சூப்பர் மேடம்" என்றார் டாக்டர் பெனிட்டா. "இவ்வளவு சுத்தமான சிக்னல் எனக்கு இதுவரைக்கும் கெடச்சதே இல்ல."

வேண்டாம், அழித்துவிடுங்கள் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முதல் மார்க் வாங்கிய பிள்ளை மாதிரி எனக்குள் ஒரு சின்னப் பெருமை எட்டிப் பார்த்தது. இதைச் சொல்ல எனக்கே நாக்கூசுகிறது, ஆனால் அதுதான் உண்மை.

பொட்டு பிரமாதமாக வேலை செய்தது. ஒன்பது மணி நேரம் ஐந்தானது, மூன்றானது, ஒரு மாதத்தில் இரண்டுக்கு வந்து நின்றது. யுகன் மாடியில் துணி காயப்போட்டான். ரசத்தில் புளி தூக்கல் என்றான். நான் தொழிற்சாலை கேண்டீனில் மேசை மேசையாகப் போய்ப் பெருமையடித்தேன். இரண்டு வெல்டர்கள் தங்கள் பிள்ளைகளுக்காக கிளினிக் முகவரியை எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

அப்புறம்தான் அவன் கையைக் கவனித்தேன். டிவி பார்க்கும்போதும் பாடம் படிக்கும்போதும் இடது உள்ளங்கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டே இருந்தான். ஈரமே இல்லை, ஆனாலும் துடைத்தான். யாராவது அவனை ஒரு வார்த்தை பாராட்டினால் தலையைக் குனிந்துகொண்டான். தேர்வு நேரத்தில் யாராவது வகுப்பறை வாசலில் வந்து நின்றால் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறான், உடம்பு ஏதும் சரியில்லையா என்று அவன் வகுப்பாசிரியை போன் செய்து கேட்டார். இருந்தும் கிளினிக்குக்கு நான் போன் செய்யவில்லை. போன் நேரம்தான் குறைந்துவிட்டதே என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். எக்ஸ்-ரேயில் இப்படி ஒரு கோடு தெரிந்திருந்தால் பத்து விநாடியில் தூக்கிப் போட்டிருப்பேன்.

இரண்டாவது மாதம் டாக்டரே கூப்பிட்டார். குரலில் குழப்பம். யுகன் ஒரு வாரமாக நாள் தவறாமல் எல்லையைத் தாண்டி நாற்பது நிமிடம் போனைப் பார்க்கிறான். பெரியவர்களே பத்து நிமிடத்துக்கு மேல் தாங்கியதில்லை. இவன் நாற்பது நிமிடமும் முழு வெட்கத்தையும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். பொட்டைக் கழற்றிவிடலாமா என்று கேட்டார்.

எனக்கு ஆத்திரம்தான் வந்தது. பழைய குருடி கதவைத் திறடி என்று ஆகிவிடுமோ என்ற பயம். தேர்வுக்கு நாலு மாதம்தான் இருந்தது. கழற்ற வேண்டாம், கூட்டி வையுங்கள் என்றேன். அவர் தயங்கினார். பெற்றவள் நான் சொல்கிறேன் என்றேன். மூன்றிலிருந்த அளவை ஐந்துக்கு ஏற்றினார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் யுகன் குளியலறைக்குள் போய் வெகு நேரம் வரவில்லை. தண்ணீர் விழும் சத்தம் இல்லை. கதவைத் தட்டினேன். திறந்தபோது உடுத்திய துணியோடு தரையில் உட்கார்ந்திருந்தான். கையில் போன். முகம் வெளிறி, கண் இரண்டும் சிவந்து கிடந்தன. இடது உள்ளங்கை தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்திருந்தது. கீழே வைடா என்று போனைப் பிடுங்கப் போனேன். அவன் விடவில்லை.

"அம்மா, அந்தக் கையில என்ன இருந்துச்சு?"

எந்தக் கை என்று கேட்டேன். என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது.

"எப்பவும் இடது கைதான் சூடாகுது. இடது பக்கத்துல யாரோ என்னயப் பாக்கறாங்க. திட்டல, அழல, சும்மா பாக்கறாங்க. மூஞ்சி தெரியல. போனக் கீழ வெச்சா போயிடறாங்க. அதான் வெக்கல." மூச்சு வாங்கினான். "அது புடவை இல்லம்மா."

நான் குளியலறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவன் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். என் பழைய படப்பெட்டியைத் துழாவியிருக்கிறான். பிளஸ் டூ குரூப் போட்டோவில் எனக்கு இடது பக்கத்தில் நின்ற பெண்ணைப் பார்த்ததும், போன் பக்கத்திலேயே இல்லாதபோதும், கை சுட்டதாம். என்னோடு படித்த ஷாகிதாவிடம் படத்தை அனுப்பிக் கேட்டிருக்கிறான். அவள், பாவம்டா அந்த ரெங்கநாயகி, பிட்டு வெச்சுப் பிடிபட்டா, மூணு வருஷம் பரீட்சை எழுதக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க, அந்த ஆனியிலயே கட்டிக் குடுத்துட்டாங்க என்று சொல்லியிருக்கிறாள். பதினேழு வயதுப் பெண்ணை. அந்தக் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. இன்ஜினியரிங் கவுன்சலிங் இருந்தது.

மீதியைப் போனிலேயே தேடியிருக்கிறான். இரண்டு மணி நேரம் போதவில்லை. அதனால்தான் அந்த நாற்பது நிமிடம். நாமக்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு கோழிப்பண்ணையில் முட்டை பிரிக்கும் பெண்களை, அதில் ஒருத்தியின் மகள் பெயர் சொல்லி வீடியோ எடுத்துப் போட்டிருந்தாள். யுகன் என்னிடம் காட்டினான். நரைத்த தலை, கையுறை, முன்னால் ஒரு விளக்கு. ஒவ்வொரு முட்டையாக விளக்குக்கு நேரே பிடித்து, விரிசல் விட்டதைத் தனியே வைத்துக்கொண்டிருந்தாள் ரெங்கா. நான் ஏசி அறையில் செய்வதும் இதே வேலைதான். என்னால் அதற்கு மேல் பார்க்க முடியவில்லை.

"பேசிட்டியா?" என்று கேட்டேன்.

"நேத்து அந்தப் பொண்ணுகிட்ட நம்பர் வாங்கிப் பேசினேன். மேகலா மகன்னு மட்டும் சொன்னேன். அவ்ளோ சந்தோஷப்பட்டாங்கம்மா. நல்லா இருக்காளா, எத்தன பிள்ளைங்கன்னு கேட்டாங்க. அந்த எக்ஸாம் பத்தி நான் கேக்கவே இல்ல. அவங்களே சொன்னாங்க. 'என்கிட்ட பிட்டு இல்லன்னு தெரிஞ்ச ஒரே ஆளு உங்கம்மாதான். அவ எந்திரிச்சு ஒரு வார்த்த சொல்லுவான்னுதான் பாத்தேன். பாவம், அவளும் பயந்துட்டா'ன்னு சொன்னாங்க."

இருபத்தெட்டு வருடங்களாக நான் வேறு மாதிரி நினைத்திருந்தேன். ரெங்காவுக்கு எல்லாம் தெரியும், தெரிந்தே என்னைக் காட்டிக்கொடுக்காமல் விட்டாள் என்று நினைத்திருந்தேன். அவள் பெருந்தன்மை என் நெஞ்சை அறுக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதில்கூட ஒரு சுகம் இருந்திருக்கிறது. அவளுக்குத் தெரியவே தெரியாது. அவள் என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்தக் கூச்சத்தைத்தான் ஐந்தாம் அளவில் என் பிள்ளைக்கு ஏற்றச் சொல்லியிருக்கிறேன்.

அவன் காதுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோனேன். முதலில் இதைக் கழற்றலாம், மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்றேன். அவன் தலையை விலக்கிக்கொண்டான்.

"இதக் கழட்டுனா மறுபடி நீ மட்டும் வெச்சுக்குவ. யார்கிட்டயும் சொல்ல மாட்ட."

பிறகு அவன் விரல் திரையில் போனது. அழைக்கும் மணி ஒலித்தது. ஒலிபெருக்கியைப் போட்டுப் போனை எங்கள் இருவருக்கும் நடுவில் பிடித்தான். எல்லை தாண்டி எத்தனை நிமிடம் ஆகிறது என்று கேட்டேன். இருபத்தாறு என்றான்.

மறுமுனையில் கோழிகளின் இரைச்சல். "யுகன் தம்பியா? சொல்லுப்பா, சாப்டியா?"

"அம்மா இருக்காங்க ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான்.

"மேகலாவா? ஏய் மேகலா, நீயாடி?"

இதைப் போனில் சொல்வது முறையா, நேரில் போக வேண்டாமா என்று தோன்றியது. வருகிற ஞாயிறு ஒரு தட்டில் பழம், பூ எல்லாம் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்து பேசலாம். அவள் வீட்டுக்காரர் எப்படிப்பட்டவரோ, இப்போது கிளறினால் அவள் குடும்பத்தில் ஏதாவது ஆகிவிட்டால்? எவ்வளவு நியாயமான காரணங்கள். ஒவ்வொரு காரணத்துக்கும் சில விநாடிகள் ஆயின. அந்த விநாடிகள் என் மகன் முகத்தில் போய்க்கொண்டிருந்தன. உதடு வெளுத்துவிட்டது. உரிந்த உள்ளங்கையை ஈரத்தரையில் வைத்துத் தேய்த்தான். நான் பேசாமல் இருக்கும் ஒவ்வொரு விநாடிக்கும் அவன்தான் கூனிக்குறுகிக்கொண்டிருந்தான். கட்டைவிரலுக்குப் பக்கத்திலேயே சிவப்புப் பொத்தான் இருந்தது. அவன் அதைத் தொடவில்லை.

"ரெங்கா" என்றேன். "அந்த பிட்டு என்னுது. பறக்கும் படையப் பாத்ததும் நான்தான் கையிலேருந்து விட்டேன். உன் பக்கமா விட்டேன். தெரிஞ்சேதான் விட்டேன்."

அந்தப் பக்கம் யாரோ முட்டை அட்டையை எங்கோ வைக்கச் சொன்னார்கள். ரெங்கா நடந்து போகும் சத்தம் கேட்டது, ஒரு கதவு மூடியது, கோழிச் சத்தம் அடங்கியது. அவள் திட்டப் போகிறாள் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"அதுல என்னடி எழுதியிருந்துச்சு?" என்று கேட்டாள்.

எதில் என்று கேட்டேன்.

"அத என்கிட்ட யாருமே காட்டலடி. கையெழுத்து மட்டும் வாங்குனாங்க. எங்கப்பா அடிச்சப்பக்கூட, அதுல என்னடி எழுதியிருந்தேன்னு கேட்டுத்தான் அடிச்சாரு. எனக்குச் சொல்லத் தெரியல."

எனக்கு ஓர் எழுத்துகூட மறக்கவில்லை. "அம்மோனியா தயாரிக்கிற முறை. ஒரு சமன்பாடு, அதுக்குக் கீழ வெப்பநிலை, அழுத்தம்."

"அது பரீட்சையில வந்துச்சா?"

வினாத்தாளை அவள் படிக்கக்கூட இல்லை. அதற்குள் அவளை வெளியே அழைத்துப் போய்விட்டார்கள். மூன்று மணி நேரமும் உட்கார்ந்து எழுதியவள் நான்.

"இல்ல ரெங்கா" என்றேன். "வரல."

அவள் அழைப்பைத் துண்டிக்கவில்லை. திரையில் நிமிடங்கள் ஓடிக்கொண்டிருந்தன. என் மகன் போனைக் கீழே வைக்கவில்லை.